படிக்கட்டில் நிற்கும் அம்மா

ஓர் அம்மா பேசுகிறாள். மகன் கேட்கிறான். அவ்வளவுதான் விஷயம். மொத்தமே இருபது வரி. காபி ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம்.

1922 டிசம்பரில், நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த 'தி கிரைசிஸ்' என்ற மாதப் பத்திரிகையில் வெளியான கவிதை. பெயர் 'மதர் டு சன்'. எழுதியவர் லாங்ஸ்டன் ஹியூஸ். நூறு வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மேடையேறி, கையை காலை ஆட்டி, ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கிற கவிதை இது.

அப்படி என்னதான் சொல்லிவிடுகிறாள் அந்த அம்மா? தன் வாழ்க்கையை ஒரு படிக்கட்டாகச் சொல்கிறாள். மோசமான படிக்கட்டு. அவள் இன்னும் ஏறி முடிக்கவில்லை. மகன் பாதியிலேயே நின்றுவிடப் பார்க்கிறான். கூடாது என்கிறாள். முடிந்தது.

அட, இதைத்தானே நம்ம வீட்டிலும் சொல்கிறார்கள் என்று தோன்றும். தோன்றினால் தப்பில்லை. அதனால்தான் ஊர் ஊராக ஓடியிருக்கிறது. ஆனால், பொதுவான அம்மா ஒருத்தி எங்கேயும் கிடையாது என்பதுதான் இந்தக் கவிதையின் சங்கதியே. இந்த அம்மா யார், எந்தப் படிக்கட்டு, என்ன பாஷை என்று கொஞ்சம் நோண்டிப் பார்த்தால், அறிவுரைக்குப் பின்னால் ஒரு சரித்திரமே உட்கார்ந்திருக்கிறது.

முதலில், யார்?

நம்முடைய தமிழ் ஐயாக்கள் இதில் கெட்டிக்காரர்கள். சங்கப் பாட்டு என்றால் எடுத்த எடுப்பில் கேட்பார்கள்: யார் கூற்று? தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா? எழுதியது கபிலராக இருக்கலாம். பேசுவது கபிலர் கிடையாது. இந்த ஒரு பழக்கத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டுத் தொலைத்துவிட்டோம். இப்போது எந்தக் கவிதையைப் படித்தாலும், 'பாவம், கவிஞருக்கு என்ன கஷ்டமோ' என்றுதான் ஆரம்பிக்கிறோம்.

இந்தக் கவிதையில் பேசுவது வாழ்க்கையில் அடிபட்ட, வயதான ஒரு கறுப்பின அம்மா. எழுதியவருக்கு அப்போது வயது 21. ஆண். கல்யாணம் ஆகாதவர். காலேஜை ஒரே வருடத்தில் விட்டுவிட்டு வந்தவர். (ரொம்ப நாள் அவர் பிறந்த வருடம் 1902 என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். பழைய செய்தித்தாள்களைக் கிளறியதில் 1901 என்று 2018ல் தெரியவந்தது. அவருக்கே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம்.)

சரி, அப்படியானால் தன் அம்மா சொன்னதைக் கேட்டு எழுதியிருப்பார் என்பீர்கள்.

ம்ஹூம்.

ஹியூஸின் அம்மா பெயர் கேரி. நாடகத்தில் நடிக்க வேண்டும் என்ற ஆசையில் பாதி வாழ்க்கையும், வேலை தேடி ஊர் ஊராகப் போவதில் மீதி வாழ்க்கையும் போன பெண்மணி. ஸ்டெனோகிராபர் வேலை பார்த்திருக்கிறார். ஹோட்டலில் பரிமாறியிருக்கிறார். சமையல் வேலையும் செய்திருக்கிறார். அப்பா ஜேம்ஸ் ஹியூஸ், நிறவெறி பிடித்த இந்த நாட்டில் குப்பை கொட்ட முடியாது என்று மெக்சிகோவுக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார். பையன் வளர்ந்தது கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், பாட்டி வீட்டில்.

கேரி சாதாரணப்பட்டவர் இல்லை. 1908ல் டொபீகா நகரில், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த பள்ளிக்கூடத்தில் பையனைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காம். கேரி நேராகப் பள்ளி நிர்வாகக் குழுவிடம் போய் மல்லுக்கு நின்று இடம் வாங்கிவிட்டார். கவிதையில் வரும் அம்மாவுக்குப் பொருத்தமான காட்சிதான். ஆனால், அதே கேரிதான் பன்னிரண்டு வருடம் கழித்து, பையன் காலேஜ் படிப்புக்கு அப்பாவிடம் பணம் கேட்கலாம் என்று மெக்சிகோ கிளம்பியபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். படித்தது போதும், இங்கேயே ஒரு வேலையைத் தேடிக்கொண்டு எனக்கு உதவியாக இரு என்பது அவர் கட்சி. வயிற்றுப்பாடு அப்படி. குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால், கவிதையில் வரும் அம்மா சொல்வதற்கு நேர் எதிரான பேச்சு அது. 1930ல் ஹியூஸ் எழுதிய 'நாட் விதவுட் லாஃப்டர்' நாவலின் கடைசியில், பையன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகட்டும் என்று ஓர் அம்மா சொல்வதைப் படிக்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்று புரியும்.

பாட்டியோ? அவர் இன்னொரு ரகம். பெயர் மேரி லாங்ஸ்டன். ஓபர்லினில் படித்தவர். அடிமை முறைக்கு எதிராக ஜான் பிரவுன் 1859ல் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் துப்பாக்கியோடு கிளம்பினாரே, அந்தக் கூட்டத்தில் போய் உயிரைவிட்டவர் பாட்டியின் முதல் கணவர். தோட்டா துளைத்த அந்த மனிதரின் சால்வையைப் பாட்டி பத்திரமாக வைத்திருந்தார். ராத்திரி தூங்கும் பேரனுக்கு அதைத்தான் போர்த்துவார். மடியில் படுக்கவைத்து அவர் சொன்ன கதைகளில் ஒருவர்கூட அழமாட்டார்கள் என்று ஹியூஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். உழைப்பார்கள், திட்டம் போடுவார்கள், சண்டை போடுவார்கள். அழமாட்டார்கள்.

கவிதையில் வரும் அம்மாவும் அழவில்லை. எனக்கு என்னவோ, அந்தக் குணம் மட்டும் பாட்டியிடமிருந்து வந்தது என்றுதான் தோன்றுகிறது. மற்றபடி அந்த அம்மா பேசுகிற பாஷையைப் பாட்டி பேசியிருக்க மாட்டார். படித்த குடும்பம். சொந்தத்தில் ஒருவர் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினராகவே இருந்திருக்கிறார். இலக்கணம் பிசகாத வீடு.

ஆக, பேசுவது அம்மாவும் இல்லை, பாட்டியும் இல்லை. அந்த வீட்டுக்கு வெளியே, தெருவில், சர்ச்சில், மாடிப்படியில் அவர் பார்த்த யாரோ. ஒருத்தியாகவும் இருக்கலாம். நூறு பேராகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன் என்கிற முறையில் எனக்கு அவர்மேல் தனிப் பாசம் உண்டு. 1919 கோடையில் மெக்சிகோவுக்கு வந்த மகனை உட்காரவைத்து அவர் கற்றுக்கொடுக்கப் பார்த்தது என்ன தெரியுமா? கணக்கு எழுதுவது! பேரேடு, பற்று, வரவு. பையனுக்குக் கூட்டினால் கூட்டல் வராது, ஐந்தொகை போட்டால் இரண்டு பக்கமும் ஒத்துவராது. பின்னால், 'தி கிரைசிஸ்' இதழில் தன் எழுத்து வந்திருப்பதைப் பெருமையாக நீட்டியபோது அப்பா கேட்ட கேள்விகளில் ஒன்று, இதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது. ஒன்றுமில்லை. நியாயமான கேள்வி. இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் மாமனார் வீட்டில் ஒருமுறையாவது பதில் சொல்லியிருப்பார்கள்.

ஆனாலும் அப்பா பணம் கொடுத்தார். 1921ல் கொலம்பியா பல்கலைக்கழகம். அப்பாவின் கணக்கு, மகன் என்ஜினீயர் ஆக வேண்டும். மகனின் கணக்கு, கொலம்பியாவுக்குப் பக்கத்தில்தான் ஹார்லெம் இருக்கிறது! ஒரே வருடம். 1922ல் படிப்புக்கு முழுக்கு. காய்கறித் தோட்டத்தில் வேலை. பூக்கடையில் டெலிவரி பையன். அப்புறம், ஹட்சன் ஆற்றில் ஓரங்கட்டி நிறுத்தியிருந்த பழைய கப்பல்களில் ஒன்றில் சாப்பாட்டு அறை எடுபிடி. கவிதை அச்சான அந்த டிசம்பரில் ஆசாமி அங்கேதான் இருந்தார். எங்கேயும் போகாத கப்பலில்.

இப்போது படிக்கட்டுக்கு வருவோம்.

உருவக அணி என்று சொல்லி இரண்டு மார்க் வாங்கிவிட்டுப் போய்விடலாம். வாழ்க்கையைப் படிக்கட்டாக உருவகம் செய்திருக்கிறார், சரி. எந்தப் படிக்கட்டு? அதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

தன் வாழ்க்கை எப்படி இருந்ததில்லை என்பதில் ஆரம்பிக்கிறாள். அங்கே வருகிற சொல் 'கிறிஸ்டல்'. தமிழில் பளிங்கு என்று போடலாம். ஆனால் பளிங்கு என்றதும் இன்று நமக்கு மார்பிள் தரை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. படிகம் என்பது சரி. ஸ்படிக மாலை என்கிறோமே, அந்த ஸ்படிகம். உள்ளே ஒளி புகுந்து வெளியே வருகிற பொருள். பணக்கார வீட்டு மாளிகையை நினைத்துக்கொள்ளலாம். சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். பைபிளில் யாக்கோபு கனவில் பார்த்த ஏணி. பூமிக்கும் வானத்துக்கும் நடுவே, தேவதூதர்கள் ஏறி இறங்குகிற ஏணி. அதைப் பற்றி அடிமைகள் பாடிய பக்திப் பாட்டு கறுப்பின சர்ச்சுகளில் ரொம்பப் பிரபலம். ஆக, அந்த ஒரு சொல்லில் மாளிகையும் சொர்க்கமும் இரண்டுமே இருக்கின்றன. இரண்டுமே அவளுக்கு வாய்க்கவில்லை.

அடுத்து, தனக்கு வாய்த்த படிக்கட்டைச் சொல்கிறாள். ஆணிகள். சிலாம்புகள். (மரத்தில் கை வைத்தால் சுருக்கென்று குத்துமே, அது. சில ஊர்களில் சிராய் என்பார்கள்.) பெயர்ந்துபோன பலகைகள். கம்பளம் விரிக்காத இடங்கள்.

ஆணி என்று தமிழில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுவோம். ஆங்கிலத்தில் அவள் 'நெயில்' என்று சொல்லவில்லை. 'டாக்' என்கிறாள். அது குட்டையான, தலை பரந்த சின்ன ஆணி. அதை எதற்கு உபயோகிப்பார்கள்? மாடிப்படியில் கம்பளம் விரித்தால், நகராமல் இருக்க அடித்து வைப்பார்கள். அப்படியானால் என்ன அர்த்தம்? அந்தப் படியில் ஒரு காலத்தில் கம்பளம் இருந்திருக்கிறது! யாரோ சொகுசாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டார்கள். கம்பளமும் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஆணி. அது இவள் காலுக்கு.

இது என் கற்பனை என்று நீங்கள் சொல்லலாம். கவிதையில் ஊர் பெயர் கிடையாது. உண்மைதான். ஆனால் ஹார்லெமின் கதை அப்படியே இதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வசதியான வெள்ளைக்காரக் குடும்பங்களை மனத்தில் வைத்துக்கொண்டு கட்டப்பட்ட பகுதி அது. சுரங்க ரயில் வரப்போகிறது, நிலம் விலை ஏறப்போகிறது என்று கட்டிடத்துக்கு மேல் கட்டிடமாகக் கட்டித் தள்ளினார்கள். ரியல் எஸ்டேட் வியாபாரத்தில் அடிக்கடி நடக்கிற கதை நடந்தது. 1904-05 வாக்கில் மார்க்கெட் படுத்துவிட்டது. வீடுகள் காலி. ஃபிலிப் பேட்டன் என்ற கறுப்பின வியாபாரி, இந்த வீடுகளுக்குக் கறுப்பினக் குடித்தனக்காரர்களை நான் கூட்டி வருகிறேன் என்று 1904ல் கம்பெனி ஆரம்பித்தார். அவர்கள் வர வர, வெள்ளையர்கள் கிளம்பினார்கள். முதல் உலகப் போரை ஒட்டி, தெற்கு மாநிலங்களில் இருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நோக்கி நகர்ந்தபோது, கேட்ட வாடகையைக் கொடுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. மற்ற பகுதிகளில் வீடே தரமாட்டார்கள். எனவே அதிக வாடகை, குறைந்த வசதி. ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு விட்டார்கள். பழுது பார்ப்பதா? யார் கேட்கப்போகிறார்கள்!

ஹார்லெம் வேண்டாம் என்றால் கிளீவ்லாந்துக்குப் போங்கள். ஹைஸ்கூல் வயதில் ஹியூஸ் அங்கே இருந்தார். அம்மா, அம்மாவின் இரண்டாவது கணவர், இவர். அந்த வருடங்கள் முழுக்கத் தாங்கள் குடியிருந்தது ஒன்று மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் அறை, இல்லையென்றால் நிலவறை என்று எழுதியிருக்கிறார். அதற்கே வாடகை எக்கச்சக்கம். அப்புறம் அம்மாவும் சிகாகோவுக்குப் போய்விட, ஓர் அறையில் தனியாக இருந்துகொண்டு, சோறும் சாஸேஜும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார். தினமும் எத்தனை படி ஏறி இறங்கியிருப்பார்! படிக்கட்டு அவருக்குப் புத்தகத்தில் கிடைத்த உவமை இல்லை.

கவிதையில் இன்னொரு இடம் வரும். வெளிச்சமே இல்லாத இருட்டில் அவள் ஏறிப் போகிறாள். அதைப் படித்தால் 'வாழ்க்கையின் துன்பம்' என்று நோட்ஸில் எழுதிக்கொள்வோம். துன்பம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நியூயார்க் ஏழைக் குடியிருப்புகளில் மாடிப்படி இருட்டு என்பது ஒரு சட்டப் பிரச்னை. ஜன்னல் கிடையாது, விளக்கு கிடையாது, பட்டப்பகலில் கையால் தடவித் தடவி ஏறவேண்டும். 1901ல் தனியாகச் சட்டமே கொண்டுவந்து, வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், கக்கூஸ் வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அந்த அம்மா உவமை சொல்கிறாளா, தன் வீட்டு மாடிப்படியைச் சொல்கிறாளா என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததால்தான் அது நல்ல உவமை.

அடுத்தது பாஷை. கவிதைக்கு ஆபத்து வந்தது இங்கேதான்.

அவள் பேசுவது தெற்கத்திக் கறுப்பின மக்களின் பேச்சு ஆங்கிலம். வினைச்சொல்லில் 'எஸ்' சேரக்கூடாத இடத்தில் சேர்ப்பாள். 'ஐ ஆம்', 'ஐ ஹாவ்' எல்லாம் குறுகி 'ஐஸ்' ஆகிவிடும். ரெட்டை மறுப்பு வரும். உட்காராதே என்பதற்கு 'சிட்' வராது, 'செட்' வரும். 'கைண்டர்' என்று ஒரு சொல் வருகிறது. டிக்‌ஷனரியைப் பார்த்துவிட்டு 'அதிகக் கருணையுள்ள' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டால் தொலைந்தோம். அது 'கைண்ட் ஆஃப்' என்பதன் பேச்சு வடிவம். 'கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு' என்கிறோமே, அந்தக் 'கொஞ்சம்'. மலையளவு கஷ்டத்தைக் 'கொஞ்சம்' என்று சொல்லுகிற வாய் அது.

கவனித்தீர்களா, கவிதையில் எங்கேயும் அவள் தன்னைக் கறுப்பினப் பெண் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வார்த்தையே கிடையாது. என்ன வேலை பார்க்கிறாள் என்று இல்லை. புருஷன் இருக்கிறானா, செத்தானா, ஓடினானா, தெரியாது. அவள் யார் என்பதற்கு இருக்கிற ஒரே அத்தாட்சி, அவள் வாயிலிருந்து வருகிற அந்த 'தப்பு' இங்கிலீஷ்தான். அதைத் திருத்தினால் ஆளே காணாமல் போய்விடுவாள்.

ஆனால் 1922ல் படித்த கறுப்பினத்தவர்கள் பலருக்கு இந்தப் பாஷை என்றாலே கூச்சம். கூச்சத்துக்குக் காரணமும் இருந்தது. வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு மேடையேறி, இதே பாஷையைப் பேசித்தான் பல தலைமுறைகளாகக் கறுப்பின மக்களைக் கோமாளி ஆக்கிக் காசு பார்த்தார்கள். பால் லாரன்ஸ் டன்பார் என்ற நல்ல கவிஞர், 1906ல் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தவர், தான் நல்ல ஆங்கிலத்தில் எழுதியதை விட்டுவிட்டுப் பேச்சு மொழிக் கவிதைகளை மட்டும் கொண்டாடுகிறார்களே என்று நொந்துபோனார்.

இதே 1922ஆம் வருடம்தான் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், அமெரிக்கக் கறுப்பினக் கவிதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். அதன் முன்னுரையில், இந்தப் பேச்சு மொழியை ஓர் இசைக் கருவிக்கு ஒப்பிட்டார். இரண்டே இரண்டு சத்தம்தான் வரும். ஒன்று சிரிப்பு, இன்னொன்று பரிதாபம். வேறு எதற்கும் ஆகாது. ஜான்சன் லேசுப்பட்ட ஆள் இல்லை. கவிஞர், வக்கீல், அரசாங்கத் தூதராக வெளிநாடுகளில் இருந்தவர். 1920 முதல் என்.ஏ.ஏ.சி.பி. என்கிற கறுப்பின உரிமைச் சங்கத்தின் தலைமைச் செயலாளர்.

அந்தச் சங்கத்தின் பத்திரிகைதான் 'தி கிரைசிஸ்'!

புரிகிறதா? செயலாளர் ஒருபக்கம், இந்தப் பாஷையில் சிரிப்பும் பரிதாபமும் தவிர வேறு வராது என்கிறார். அதே வருடம், அதே சங்கத்தின் பத்திரிகையில், 21 வயதுப் பையன், சிரிப்பும் இல்லாமல் பரிதாபமும் கேட்காமல் ஓர் அம்மாவை அந்தப் பாஷையில் பேச வைக்கிறான். பத்திரிகையின் ஆசிரியர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். இலக்கியப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டவர் ஜெஸ்ஸி ஃபாசெட் என்ற பெண்மணி. ஹியூஸைக் கண்டுபிடித்து வளர்த்துவிட்டது அவர்தான். தமிழ்ப் பத்திரிகை உலகத்தில் இப்படிப் பெயர் வெளியில் வராத உதவி ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று யோசித்துக்கொண்டேன். சரி, அது வேறு கதை.

ஜான்சனைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். அந்த வருடம் முழுக்க அவர் வாஷிங்டனில் அலைந்துகொண்டிருந்தார். எதற்கு? கும்பலாகச் சேர்ந்து ஓர் ஆளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கொல்வதைத் தடுக்க ஒரு மத்திய அரசுச் சட்டம் வேண்டும் என்பதற்காக. 1889 முதல் 1918 வரை முப்பது வருடத்தில் இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 3,224 பேர் என்று அவருடைய சங்கம் எண்ணி வெளியிட்டிருந்தது. அதில் 2,522 பேர் கறுப்பினத்தவர்கள். டையர் மசோதா என்று பெயர். 1922 ஜனவரியில் கீழ்ச் சபையில் நிறைவேறிவிட்டது. செனட்டில் தெற்கத்தி ஜனநாயகக் கட்சிக்காரர்கள், பேசிப் பேசியே நேரத்தைக் கடத்தி ஓட்டெடுப்புக்கு வரவிடாமல் செய்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் மசோதா கைவிடப்பட்டது.

1922 டிசம்பர். கவிதை வந்த அதே மாதம்.

கவிதைக்கும் மசோதாவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மசோதா செத்ததைப் பார்த்து எழுதிய கவிதையும் இல்லை. ஆனால் அந்த இதழைக் கையில் வைத்திருந்த வாசகர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு வருடம் ஏறிய படியெல்லாம் சறுக்கிக் கீழே வந்து நிற்கிறார்கள். உட்காராதே என்று ஒரு குரல் வந்தால், அது வீட்டுக்குள் அம்மா மகனுக்குச் சொன்னதாக மட்டுமா அவர்கள் காதில் விழுந்திருக்கும்?

(அந்தச் சட்டம் கடைசியில் வந்துவிட்டது. 2022 மார்ச் மாதம். சரியாக நூறு வருடம் கழித்து. அதற்கு வைத்த பெயர் எம்மெட் டில். 1955ல் மிசிசிப்பியில் கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது 14. உருத்தெரியாமல் சிதைந்திருந்த மகனின் முகத்தை ஊரே பார்க்கட்டும் என்று, சவப்பெட்டியை மூடவிடாமல் சிகாகோவில் வைத்தவர் அவனுடைய அம்மா.)

கவிதையில் மகன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவன் என்ன சொன்னான், எதற்கு நின்றான் என்று தெரியாது. ஆனால் அவள் பேச்சை ஒட்டுக்கேட்டால் கொஞ்சம் ஊகிக்கலாம். பேச்சு ஒரு 'சரி'யோடு, அதாவது 'வெல்' என்ற வார்த்தையோடு ஆரம்பிக்கிறது. யாரும் காலையில் எழுந்து பல் விளக்கிவிட்டு 'சரி' என்று பேச்சை ஆரம்பிப்பதில்லை. அதற்கு முன்னால் எதிராளி என்னவோ சொல்லியிருக்கிறான். 'என்னால முடியாதும்மா' என்றிருப்பான். வேலை போயிருக்கலாம். ஒருவன் அவமானப்படுத்தியிருக்கலாம். அவள் அந்த விவரத்துக்குள் போகவே இல்லை. ஆறுதலும் சொல்லவில்லை. 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற வழக்கமான பொய்யையும் சொல்லவில்லை. மேலே போனால் என்ன இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை பாருங்கள். அவளுக்கே தெரியாதே! தான் இன்னும் படியில்தான் இருக்கிறேன் என்பதை மட்டும் சொல்கிறாள். அவளிடம் வேறு சரக்கு இல்லை.

1926ல் ஹியூஸின் முதல் கவிதைத் தொகுப்பு 'தி வியரி ப்ளூஸ்' வந்தபோது இந்தக் கவிதையும் அதில் இருந்தது. அடுத்த வருடம் இரண்டாவது தொகுப்பு. அதில் தெரு பாஷை இன்னும் அதிகம். கறுப்பினப் பத்திரிகைகளே வெளுத்து வாங்கின. 'பிட்ஸ்பர்க் கூரியர்' தலைப்பிலேயே அதைக் குப்பை என்றது. ஜான்சனோ, 1932ல் ஸ்டெர்லிங் பிரவுன் என்ற கவிஞருக்கு எழுதிய முன்னுரையில் தன் பழைய கருத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். பெரிய மனிதர்.

நிஜ அம்மா கேரி 1938ல் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். கடைசிவரை, கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மகன் அவருக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்.

அப்புறம் மார்ட்டின் லூதர் கிங். அவருக்கு இந்தக் கவிதை மேல் அலாதிப் பிரியம். ஆனால் ஒரு சிக்கல். 1953ல் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டையில் ஹியூஸை விசாரணைக்கு இழுத்திருந்தார்கள். கிங் மேலும் அதே முத்திரையைக் குத்தத் துடித்துக்கொண்டிருந்தார்கள். எனவே பல வருடங்கள், ஹியூஸின் உவமைகளைப் பெயர் சொல்லாமலே தன் பேச்சுக்குள் கிங் வைத்துக்கொண்டார் என்று ஜேசன் மில்லர் என்ற ஆய்வாளர் 2015ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

1967 மே மாதம் ஹியூஸ் காலமானார். ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 26ஆம் தேதி, ஃபிலடெல்ஃபியாவில் பாரட் என்ற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசினார் கிங். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள். பேச்சின் முடிவில் ஹியூஸின் பெயரை வெளிப்படையாகச் சொன்னார். கவிதையின் பெயரையும் சொன்னார். கூடவே ஒரு விளக்கமும் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு எப்போதும் இலக்கணம் சரியாக வராது, ஆனாலும் ஆழமான விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று.

பி.எச்டி. வாங்கியவர். பாதிரியார். முன்னால் இருப்பதோ பள்ளிப் பிள்ளைகள். பக்கத்தில் வாத்தியார்கள் வேறு நிற்கிறார்கள். சொல்லத்தான் வேண்டியிருந்திருக்கும். ஆனாலும் அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. 45 வருடம் ஆகியும் அந்த அம்மா தன் இங்கிலீஷுக்காக மன்னிப்புக் கடிதம் கொண்டுவர வேண்டியிருக்கிறது!

உங்களில் யாருக்காவது இந்தக் கவிதையைத் தமிழில் போட்டுப் பார்க்கும் ஆசை வரலாம். தாராளமாகச் செய்யுங்கள். மகனை அவள் ஓர் இடத்தில் 'பாய்' என்கிறாள், இன்னோர் இடத்தில் 'ஹனி' என்கிறாள். 'டேய்' என்று போடுவீர்களோ, 'தம்பி' என்பீர்களோ, 'கண்ணு', 'ராசா' என்று கொஞ்சுவீர்களோ, அது உங்கள் ஊரைப் பொறுத்தது. சிலாம்பா சிராயா என்பதும் அப்படித்தான். ஒரே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அந்த அம்மாவைச் செந்தமிழில் மட்டும் பேச வைத்துவிடாதீர்கள்.